பேர் போட்டு எழுதிய அக்கா

எங்கள் வீட்டு அலமாரியில் ஆறு எவர்சில்வர் டம்ளர்கள் இருக்கின்றன. ஆறிலும் ஒரே பெண்மணியின் பெயர், இனிஷியலோடும் ஊரோடும், புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். என் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த அன்பளிப்பு. பாத்திரக் கடையில் மணமக்கள் பெயரை ஓர் ஓரமாகச் சின்னதாக வெட்டச் சொல்லிவிட்டு, தன் பெயரை விளிம்பு முழுக்க ஓடவிட்டிருந்தார். "இது நம்ம டம்ளருங்களா, இல்ல அவங்க ஊட்டு டம்ளரை நாம எடுத்துட்டு வந்துட்டமுங்களா?" என்று என் மனைவி முதல் வாரமே கேட்டாள். விருந்தாளிகள் இன்னமும் கேட்கிறார்கள்.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குக் கோபம் வராது, சந்தோஷம்தான் படுவார். எழுதாமல் இருக்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதுவரை அக்கா என்றே சொல்கிறேன். நாங்கள் வேலை பார்த்த தீவன மில்லில் எல்லோருக்கும் அவர் எடை மேடை அக்காதான்.

மில் நாமக்கல் பக்கம். கோழிப் பண்ணைகளுக்கு மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள் எல்லாவற்றையும் அரைத்துக் கலந்து அனுப்பும் இடம். காலை பத்து மணிக்கெல்லாம் சோளத் தூசு எழும்பி வெயிலில் மிதக்கத் தொடங்கிவிடும். அதை மஞ்சள் என்றும் சொல்ல முடியாது, வெள்ளை என்றும் சொல்ல முடியாது. தூரத்தில் ஆட்கள் நடந்து வருவது தெரியும், கால் தெரியாது. வாய் அசைவது தெரியும், மெஷின் சத்தத்தில் பேச்சு கேட்காது. அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு எல்லாமே அப்படி மிதந்துகொண்டுதான் ஞாபகம் வருகிறது. லோடு லாரி எடை மேடையில் ஏறும்போது பக்கத்து அறையும் லேசாக ஆடும். ஜன்னலுக்குள் அக்காவும் ஆடுவார், கையில் பேனாவோடு, தொட்டிலில் உட்கார்ந்திருப்பவர் போல. ஆட்டம் நின்றதும் எடையைப் படித்துச் சொல்வார். அவர் சொன்ன எடையை எந்த டிரைவரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

எதிர்ப் பக்கம் என் அறை. உள்ளே வரும் சோளத்தில் எவ்வளவு ஈரம் என்று பார்ப்பது என் வேலை. ஒரு கைப்பிடி எடுத்து மீட்டரில் போட்டால் எண் வரும். அந்த எண்ணை எழுதிக் கிறுக்கலாக ஒரு கையெழுத்துப் போட்டு அக்காவிடம் அனுப்புவேன். சேர்ந்த முதல் நாளே சீட்டு திரும்பி வந்துவிட்டது. பின்னாலேயே அக்காவும் வந்தார்.

"தம்பி, இது யாருங்க?"

"நான்தானுங்க அக்கா."

"நீங்கன்னு நீங்க சொல்றீங்க. சீட்டு சொல்லோணுமில்ல? கையெழுத்துன்னா படிக்கத் தெரியோணும் சாமி. கோழி கெளறுன மாதிரி இருக்குது."

கோழித் தீவன மில்லில் அதற்கு மேல் பொருத்தமான திட்டு கிடையாது. அன்றிலிருந்து முழுப் பெயரையும் எழுதப் பழகினேன். பேங்கில் என் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பும் அளவுக்கு மாறிப்போனது.

அவருடைய எல்லாப் பொருளிலும் பெயர் இருக்கும். நாற்காலியின் முதுகில் பெயிண்டால். ஹெல்மெட்டில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி. குடையின் உள்பக்கம் சிவப்பு நூலில் தைத்து. சாப்பாட்டு அடுக்கின் நான்கு தட்டிலும், மூடியிலும், கரண்டியிலும் தனித்தனியாக வெட்டி. ஒரு தட்டில் வெட்டினால் போதாதா என்று கேட்டேன்.

"மூடி ஒரு ஊட்டுக்குப் போயிரும், தட்டு ஒரு ஊட்டுக்குப் போயிருமுங்க. எது எங்க போனாலும் அதது பேரோட போகட்டும்."

ஒருமுறை அந்தக் குடையை மோகனூர் பஸ்ஸில் விட்டுவிட்டார். நான்கு நாள் கழித்து அதே பஸ்ஸின் கண்டக்டர் மில் வாசலில் வண்டியை நிறுத்தி, பெயரை உரக்கப் படித்து, குடையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் அதைப் பெரிய அதிசயமாகப் பேசினோம். அக்காவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. பேர் இருந்தால் பொருள் வீடு வந்து சேரும் என்று அவர் மனதார நம்பினார். இப்போது யோசித்தால், அவருடைய எல்லா நம்பிக்கையும் அந்த ஒன்றுக்குள் அடங்கியிருந்தது.

மில்லில் மூட்டை ஏற்றவும் உள்வேலைக்கும் இருந்தவர்கள் பாதிப்பேர் ஒடிசாக்காரர்கள். நாங்கள் எல்லோரையும் "பையா" என்று ஒரே கூப்பாட்டில் கூப்பிட்டு வேலையை முடித்துக்கொள்வோம். அக்கா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். வாயில் நுழையாத பெயராக இருந்தால் நுழைகிறவரை சொல்லிப் பார்ப்பார். அவர்கள் தங்கள் எழுத்தில் போடும் கையெழுத்து எங்களுக்கு ஜிலேபி மாதிரி ஒன்றாகத் தெரியும். அக்காவுக்கு யார் ஜிலேபி எது என்று தெரியும். ரஞ்சன் என்று ஒருவர் இருந்தார், முப்பது வயதுக்கு மேல், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். அவருக்குத் தமிழில் தன் பெயரை எழுதச் சொல்லிக்கொடுத்தவர் அக்கா. எடை மேடையின் தூசுப் பலகையில் விரலால் எழுதிக் காட்டி, அவர் எழுதியதும் கையால் துடைத்து, மறுபடி எழுதச் சொல்வார்.

சைலோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு மாடி உயரத்துக்கு நிற்கும் தகர உருளை அது. மேலே சோளத்தைக் கொட்டுவார்கள், கீழே மோட்டார் இழுக்க இழுக்க இறங்கும். ஈரச் சோளம் போய்விட்டால் உள்ளே பாளமாக இறுகிக்கொண்டு இறங்காது. அப்போது ஒருவர் மேல் கதவு வழியாக உள்ளே இறங்கி, கடப்பாரையால் குத்திவிட வேண்டும். பாளம் உடைந்தால் காலடியில் இருப்பது எல்லாம் கீழே ஓடும், ஆளையும் சேர்த்து இழுக்கும். அதனால் மோட்டாரை நிறுத்திவிட்டு, இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும், கயிற்றைப் பிடித்தபடி மேலே ஒருவர் நிற்க வேண்டும் என்று விதி. உள்ளே போகிறவர், மேலே நிற்கிறவர் இருவர் பெயரும் உள்ள சீட்டைக் கொடுத்தால்தான் மேல் கதவின் சாவியை அக்கா தருவார்.

விதி அப்படி. நடந்தது வேறு. மேலே நிற்க வேண்டியவராகச் சீட்டில் இருந்தவர், சோளத்தை அள்ளிக் கொட்டும் லோடர் வண்டியை ஓட்டுகிறவர். அவருக்கு நாள் முழுக்க வண்டியில் வேலை. திங்கட்கிழமை காலையிலேயே ஒரு வாரத்துச் சீட்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். தேதியை மட்டும் சூப்பர்வைசர் பிறகு நிரப்பிக்கொள்வார். எல்லோருக்கும் தெரிந்த இந்த ஏற்பாடு அக்காவுக்கு மட்டும் தெரியாது. அவரிடம் போன சீட்டில் தேதி சரியாக இருந்தது. பெயர் அழகாகப் படிக்கும்படி இருந்தது. "அப்படி எழுத வெச்சதே நான்தானுங்களே" என்று பிறகு ஒருநாள் அவர் என்னிடம் சொன்னபோது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அது ஐப்பசி மழைக்காலம். வரிசையாக லாரிகள் நின்றன. மீட்டரில் ஈரம் கூடுதலாக வந்தது. மழை வருகிறது, சோளம் நனைந்தால் யாருக்கு நஷ்டம், சீக்கிரம் உள்ளே விடுங்கள் என்று மேனேஜர் சொன்னார். நானும் விட்டேன். அந்த லாரிகளின் சீட்டில் இருந்தது என் கையெழுத்து, நன்றாகப் படிக்கும்படியாகவே.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரம். அக்கா ஜன்னலருகே இருந்தார். லோடர் வண்டி எடை மேடைமேல் ஏறிக் கடந்தது. ஓட்டுகிறவர் வழக்கம்போல் அக்காவைப் பார்த்துக் கையாட்டினார். அக்காவும் கையைத் தூக்கினார், பாதியில் நிறுத்திவிட்டார். இருபது நிமிடத்துக்கு முன்னால்தான் இந்த ஓட்டுகிறவர் பெயருள்ள சீட்டை வாங்கிக்கொண்டு அக்கா ரஞ்சனிடம் சைலோ சாவியைக் கொடுத்திருந்தார். இந்த மனிதர் இப்போது மேலே நிற்க வேண்டியவர்.

அக்கா ஓடியதை நான் என் அறையிலிருந்து பார்த்தேன். செருப்பு ஒன்று எடை மேடையிலேயே கிடந்தது. தூசு வெளிச்சத்துக்குள் அவர் மெதுவாக மிதந்து போவது போலத்தான் எனக்குத் தெரிந்தது. ஏன் ஓடுகிறார் என்று நான் யோசித்துக்கொண்டு நின்ற நேரத்தில் அவர், யாரும் நிறுத்தாமல் விட்டிருந்த சைலோ மோட்டாரின் சுவிட்சை அடைந்து நிறுத்திவிட்டார். மில்லில் சத்தம் அடங்கியது. அதற்குப் பிறகுதான் சைலோவின் உள்ளிருந்து அந்தக் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

ரஞ்சன் மார்பு வரைக்கும் சோளத்துக்குள் இருந்தார். பக்கத் தகரத்தை அறுத்து, சோளத்தை வெளியே ஓடவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு எடுத்தோம். இடுப்பெலும்பு விலகிவிட்டது. உயிர் இருந்தது. அக்கா அவ்வளவு நேரமும் ஏணிமேல் நின்று, உள்ளே தலையை விட்டு, அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பேசிக்கொண்டே இருந்தார். ஒரு மாதம் கழித்து அவர் தம்பி வந்து ரயிலில் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மில் பதிவேட்டில் 'படியில் வழுக்கி விழுந்தார்' என்று இருந்தது. சூப்பர்வைசர் வந்து அன்றைய சீட்டைக் கேட்டார்.

"சீட்டு என்கிட்டத்தானுங்க இருக்குது" என்றார் அக்கா. "என்கிட்டயே இருக்கட்டுமுங்க."

விபத்துக்கு அடுத்த வாரமே இன்னொருவரை உள்ளே இறக்கினார்கள். அன்றும் மேலே ஆள் இல்லை. அன்று அக்கா என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை மேசையில் வைத்தார். தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டும், முகவரி பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நான் போனில் தேடிச் சொன்னேன். தாளின் மேலே, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி, 'அனுப்புநர்' என்று எழுதிக் கீழே பெயர், கதவு எண், தெரு, ஊர், பின்கோடு வரை எழுத ஆரம்பித்தார்.

"அக்கா, பேரில்லாம எழுதுங்க. பேரா முக்கியம்? சேதி போனாப் போதுமில்ல."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மொட்டைக் கடுதாசிங்களா? ஒரு புள்ளைக்குக் கல்யாணம் கூடி வந்தா அதைக் கெடுக்கறவன் எழுதறது அது. நான் நெசத்தை எழுதறேன். நெசத்துக்கு என்னத்துக்குங்க மூஞ்சிய மூடோணும்?"

மறுபடி போனைப் பார்த்தேன். அப்போதுதான் அந்தச் சட்டம் கண்ணில் பட்டது. புகார் கொடுத்தது யார் என்பதை ஆய்வாளர் ரகசியமாக வைத்திருக்க வேண்டும். ஆய்வுக்கு வரும்போது, புகாரின் பேரில் வந்திருக்கிறேன் என்றுகூட அவர் சொல்லக் கூடாது. படித்துக் காட்டினேன். அக்கா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"பேரும் போடலாம், வெளியவும் தெரியாதுங்களா? நெம்ப நல்ல சட்டமா இருக்குதே சாமி."

அந்தக் கடிதத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: எழுதிய அக்கா, படித்த ஆய்வாளர், நான்.

ஆய்வாளர் வந்த நாளை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. நேராகக் குடிதண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். கழிப்பறையைப் பார்த்தார். தீயணைக்கும் சிவப்பு வாளிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ரொம்ப நேரம் ஊரைச் சுற்றிவிட்டு, வந்ததற்கு இதையும் பார்த்துவிடலாமே என்பதுபோல் சைலோமேல் ஏறினார். இறங்கி எடை மேடை அறைக்கு வந்து, எல்லோரிடமும் கேட்டதுபோலவே அக்காவிடமும் பெயர் கேட்டார். அக்கா இனிஷியலோடு கணீரென்று சொன்னார். அவர் முதல்முறை கேட்பவர் போல, எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். ஒருவரை ஒருவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. சட்டம் அன்று அந்த அறையில் ஒரு நல்ல மனிதரின் முகத்தோடு உட்கார்ந்திருந்தது என்றுதான் எனக்கு நினைப்பு.

மில்லுக்கு நோட்டீஸ் வந்தது. புதுக் கயிறு வந்தது, இடுப்புப் பட்டை வந்தது, மேலே நிற்க ஓர் ஆளையும் போட்டார்கள். எல்லாம் சுபம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு மேனேஜர் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். அவர் கத்துகிற ஆள் கிடையாது. டீயும் பன்னும் வாங்கி வைத்து, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சை எடுப்பார்.

"யாரு எழுதுனாங்கன்னு தெரிஞ்சு நான் ஒண்ணும் பண்ணப் போறதில்லீங்க. தெரிஞ்சுக்கலாம்னுதான். நம்ம லோடர்காரருங்களா?"

"இல்லீங்க சார்."

"வாட்ச்மேனுங்களா?"

"இல்லீங்க."

"மெக்கானிக்?"

"இல்லீங்க சார்."

அப்புறம் அக்காவின் பெயரைச் சொன்னார். இனிஷியலோடு, முழுசாக, அக்கா எப்படிச் சொல்வாரோ அப்படியே.

நான் டீ டம்ளரை எடுத்து வாயில் வைத்தேன். அதில் டீ தீர்ந்து போயிருந்தது. இல்லீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்று தடவை சொன்ன வாய்தான். நான்காவது தடவை வரவில்லை. எனக்குப் பொய் சொல்ல வராது என்று அன்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பொய் சொல்லப் பயம், அவ்வளவுதான். மேனேஜர் காலி டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரிங்க, போய் வேலையைப் பாருங்க" என்றார்.

வாயே திறக்காமல் நான் ஒருவருடைய பெயரைக் கொடுத்தேன். இங்கே அந்தப் பெயர் இல்லாததற்குக் காரணம் இதுதான். ஒரு தடவை கொடுத்தது போதும்.

முதலில் அக்காவின் நாற்காலி காணாமல் போனது. மூன்றாம் நாள் தவிட்டுக் குடோனில் பார்த்தேன். முதுகில் இருந்த பெயரை உப்புத்தாள் வைத்துத் தேய்த்திருந்தார்கள். பிறகு அக்காவையே தவிட்டுக் குடோனுக்கு மாற்றினார்கள். தவிட்டுத் தூசு அவருக்கு ஆகாது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இரண்டு மாதம் மூட்டை எண்ணினார். ஒருநாள்கூட லீவு போடவில்லை. கடைசியில் எடை மேடை கம்ப்யூட்டரோடு சேர்ந்துவிட்டது, ஆள் அதிகமாக இருக்கிறது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் தன் குடையையும் சாப்பாட்டு அடுக்கையும் எடுத்துக்கொண்டு, தூசுக்குள் கேட்டை நோக்கி நடந்து போனார். எப்போதும்போல் அன்றும் முதலில் கால் மறைந்தது.

அக்கா தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். அதிலும் மேலே அனுப்புநர் இருந்திருக்கும். விசாரணைக்கு மேனேஜர் போனபோது புது எடைக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல என்னையும் கூட்டிப் போனார். சின்ன அறை. மேலே மின்விசிறி கிறீச்சிட்டபடி சுற்றியது. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, பொறுமையான பெண்மணி. இந்தப் பக்கம் மூன்று நாற்காலி: அக்கா, மேனேஜர், நடுவில் இடமில்லாமல் நான்.

புகார் கொடுத்ததற்காகத்தான் என்னை நிறுத்தினார்கள் என்றார் அக்கா. மேனேஜர் மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னார்.

"மேடம், புகார் கொடுத்தது யாருன்னே எங்களுக்குத் தெரியாதுங்க. அதைச் சொல்லக் கூடாதுன்னு சட்டமே இருக்குதுங்களே. தெரியாத ஒண்ணுக்கு நாங்க எப்படிங்க பழி வாங்க முடியும்?"

அக்காவுக்கு அவ்வளவு பிடித்த சட்டம். அவர் பெயரை மறைக்க விரித்த போர்வைக்குள் மில்காரர்களும் புகுந்து படுத்துக்கொண்டார்கள்.

அதிகாரி அக்காவின் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா எழுதறதுக்கு ஏதாச்சும் வேணும். நீங்கதான் கொடுத்தீங்கன்னு இவங்களுக்குத் தெரிஞ்சிருந்ததுன்னு காட்டணும். யார் மூலமாத் தெரிஞ்சுது? பேரைச் சொல்லுங்க. கூப்பிட்டு விசாரிக்கறேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் செருப்பு தெரிந்தது, குதிகாலில் தவிட்டு நிறம் இன்னும் போகவில்லை. அந்தக் கடிதத்தைப் பற்றித் தெரிந்த மூன்றாவது ஆள் யார் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கரண்டியில்கூடப் பெயர் வெட்டுகிறவர். ஒருவர் பெயரை விடாமல் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். ஒரு பெயரைச் சொன்னால் வேலை திரும்பக் கிடைக்கும். மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. இப்போதும் சில மதியங்களில் அந்த விசிறிக்கு அடியில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

"தெரியாதுங்க" என்றார் அக்கா.

அதிகாரி இன்னொரு தடவை கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யாருன்னு எனக்குத் தெரியாதுங்க மேடம்."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். சமரசம் ஆகவில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வேண்டுமானால் சேலத்தில் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம், வருடக் கணக்கில் ஆகும் என்று அதிகாரி வருத்தத்தோடு சொன்னார். அக்கா போகவில்லை. பேர் போட்டுப் புகார் எழுதும் பெண்மணி என்று தீவன மில்களில் பேச்சுப் பரவி, ஒரு வருடம் யாரும் வேலை கொடுக்கவில்லை. இப்போது சங்ககிரியில் ஒரு லாரி ஆபீசில் இருப்பதாகக் கேள்வி.

அன்று விசாரணை முடிந்து வெளியே வந்ததும் மேனேஜர் காரை எடுக்கப் போனார். அக்கா ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். நான் கிட்டப் போனேன். அழுகை வந்துவிட்டது.

"ஏனுங்க அக்கா சொல்லலை? சொல்லியிருந்தா வேலை கெடைச்சிருக்குமில்ல?"

"கெடைச்சிருக்கும். இல்லாமயும் போயிருக்கும்." அவர் குடையை விரித்தார். உள்ளே சிவப்பு நூல் எழுத்துகள் தெரிந்தன. "உங்களைச் சொன்னா உங்களையும் வெளிய அனுப்பிருவாங்க தம்பி. அப்பறம் உள்ளாற ஆருங்க இருக்கறா? மேல நிக்கறதுக்குப் போட்ட ஆளை இப்பவே மூட்டை தூக்க விட்டுட்டாங்களாமா. சேதி வந்துது."

"நான் பயந்துட்டேனுங்க அக்கா."

"தெரியுமுங்க. பயந்தவர்தான். பரவாயில்ல, இருங்க. நீங்க இருந்தாத்தான் ஆகும். ஈரச் சோளத்தை எறக்காதீங்க. எறக்கியே ஆகோணும்னா, ஆளு உள்ள போறப்ப நீங்க மேல போய் நில்லுங்க. அது போதும் எனக்கு."

பஸ் வந்தது. "வாரேனுங்க" என்று ஏறிக்கொண்டார். அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மன்னித்தேன் என்று அவர் சொல்லவே இல்லை. வேலைதான் கொடுத்தார். உள்ளே ஓர் ஆள் வேண்டும் என்பது என் கோழைத்தனத்துக்கு வசதியான சாக்காகவும் ஆகிவிட்டது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சைலோ அடைத்துக்கொண்டது. ரஞ்சனின் ஊர்க்காரர் ஒருவர் கடப்பாரையோடு ஏணி ஏறுவதை ஜன்னலில் பார்த்தேன். மீட்டரை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். சூப்பர்வைசர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். மேலே நிற்கப் போகிறேன் என்றேன். அது உங்கள் வேலை இல்லையே என்றார். மேனேஜர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டாரை நானே நிறுத்தினேன். எனக்கு உயரம் ஆகாது. ஏணியில் பாதிக்கு மேல் ஒவ்வொரு படியையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். கீழே மில், லாரிகள், எடை மேடை எல்லாம் தூசுக்குள் மங்கி, யாரோ எப்போதோ பார்த்த இடம் போல இருந்தன.

மேலே போய், கடப்பாரையோடு நின்றவரின் இடுப்பில் பட்டையைக் கட்டினேன். "பேரு என்னங்க?" என்று கேட்டேன். அத்தனை வருடத்தில் அவரிடம் நான் அதைக் கேட்டதே இல்லை. அவர் சந்தேகமாக என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றினேன். அவர் இருட்டுக்குள் இறங்கினார், தலை மறைந்தது, கடப்பாரைச் சத்தம் கேட்டது. கயிறு இறுகி, ஒரு முழு ஆளின் கனம் என் தோள் வரைக்கும் ஏறியது.